பாக்சிங் கற்றுக்கொள்ளப் போகும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களே, பணம் கட்டும் முன் ஸ்பாரிங்கைப் பாருங்கள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. "சீசன் 3. ஆபீஸ் போறவங்களும் ஃபைட்டர் ஆகலாம். எட்டே வாரம்." ஓரத்தில் நிழலுருவமாக ஒரு ஆள் சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறான். அந்த ஷார்ட்ஸின் பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் ஷார்ட்ஸ். விழுந்துகொண்டிருப்பது நான்.

ஐந்து மாதமாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டதை அதனால்தான் இப்போது எழுதுகிறேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அந்தப் பாக்சிங் ஜிம்மின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தென்சென்னை, இரண்டாவது மாடி, கண்ணாடிச் சுவர். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

எனக்கு 38 வயது. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தேன், பதினைந்தே நாளில் அலுத்துவிட்டது. 2024 ஜூனில் அந்த இடத்துக்கு ட்ரையல் கிளாஸ் போனேன். நம் குத்தை வாங்கிக்கொள்ளும் பஞ்சு வைத்த கையுறைகளான மிட்ஸைப் பிடித்த கோச் உண்மையிலேயே அருமையான ஆள். நாம் ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) விட்டால் மிட்ஸில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே சொத்தை எழுதி வைக்கலாம். (அதில் பாதி, மிட்ஸ் பிடிப்பவரின் கைவண்ணம் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் குத்து வரும் நேரத்துக்கு அவர் லேசாக எதிரே தட்டினால் போதும், எந்தச் சோப்ளாங்கி குத்தும் இடி மாதிரி கேட்கும்.) அந்த மயக்கத்திலேயே ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன்.

மாதக் கட்டணம் கிடையாது, வருடப் பேக்கேஜ்தான் என்றார்கள். 42,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 49,560. "மொத்தமா வேண்டாம் சார், மாசம் 4,130 கட்டினா போதும், வட்டியே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் என் பான் நம்பரையும் ஆதாரையும் டைப் செய்தார். மூன்று ஓடிபி வந்தது. மூன்றையும் நானே வாசித்துச் சொன்னேன். தவணை ஜிம்முக்குப் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் கொடுத்து, அந்தப் பணம் மொத்தமாக ஜிம்மின் கணக்குக்குப் போய்விட்டது. நான் ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும், ஜிம்மே நாளைக்கு மூடிக்கொண்டு போனாலும், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து 4,130 போகும். நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடி வாங்கும். இப்படிப்பட்ட கடனுக்குக் கட்டாயம் ஒரு விவரத்தாள் தர வேண்டும், சில நாளுக்குள் அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் கட்டி விலகிக்கொள்ளவும் வழி உண்டு. இரண்டுமே ரிசர்வ் வங்கி விதி. மெயிலில் வந்த பதினோரு பக்க பிடிஎஃப்பில் அது இருந்தது. நான் திறந்தது நவம்பரில்.

இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜிஎஸ்டி வாங்கினார்களே தவிர, ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பதினைந்து எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்கும். ஆபீஸில் ஒரு வெண்டர் அந்த எண் இல்லாமல் பில் அனுப்பினால் அரை நொடியில் திருப்பி அனுப்புகிறவன் நான். சொந்தப் பணம் என்று வந்தபோது கண்ணில் படவில்லை.

அந்த நல்ல கோச் ஐந்தாவது வாரத்தில் காணாமல் போனார். பேனரில் மட்டும் "என்.ஐ.எஸ். கோச்" என்று அப்படியே இருந்தது. என்.ஐ.எஸ். என்றால் பாட்டியாலாவில் இருக்கும் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். அங்கே டிப்ளமோ படிப்பும் உண்டு, ஆறே வாரத்துச் சான்றிதழும் உண்டு. பேனரில் இரண்டுக்கும் அதே மூன்றெழுத்துதான். அவருக்குப் பதிலாக வந்தது 21 வயதுத் தம்பி ஒருவன். இரண்டு வருடம் முன்னால் அதே இடத்தில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ள வந்தவன். நல்ல பையன், நன்றாகக் குத்துவான். ஆனால் ஒரே நேரத்தில் இருபத்திரண்டு பேரைப் பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, "காம்போ! காம்போ!" என்று கத்துவான். என் வலது கார்டு, அதாவது முகத்தைக் காக்கத் தூக்கி வைத்திருக்க வேண்டிய கை, கன்னத்திலிருந்து ஒரு ஜாண் கீழே தொங்கியதை மூன்று மாதம் யாரும் சொல்லவில்லை.

கிளவுஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வாங்கிய கிளவுஸ் அங்கே செல்லாது, அவர்களிடமே செட்டாக வாங்க வேண்டும், 6,500 ரூபாய். ஸ்பாரிங்குக்கு (இரண்டு பேர் எதிரெதிரே நின்று குத்திப் பழகுவது) 16 அவுன்ஸ் என்று மணிக்கட்டில் பெரிதாக அச்சிட்டிருந்தது. அவுன்ஸ் கூடக் கூட உள்ளே பஞ்சு அதிகம், எதிராளியின் தலைக்கு அடி குறையும். பெரியவர்கள் ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் போடுவது அதனால்தான். அது கிட்டத்தட்ட 450 கிராம் இருக்க வேண்டும். இனி சொல்லப் போகும் சம்பவத்துக்கெல்லாம் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கேக் செய்ய வாங்கி வைத்திருந்த கிச்சன் தராசில் என் கிளவுஸை வைத்துப் பார்த்தேன். இடது 338. வலது 331. அதாவது பன்னிரண்டு அவுன்ஸ் கிளவுஸில் பதினாறு என்று அடித்து விற்றிருக்கிறார்கள். கட்டை விரல் பக்கம் தையல் விட்டிருந்தது. அழுத்தினால் பஞ்சு இட்லி உதிர்வது போல உதிர்ந்தது. முட்டிக்கு நேராக விரலை வைத்தால் என் முட்டி எனக்கே தட்டுப்பட்டது. நான்கு மாதமாக நாங்கள் எல்லாரும் ஒருவர் தலையில் ஒருவர் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரில் ஓனர் தனியாகக் கூப்பிட்டார். "ஜி, உங்க ப்ரோக்ரஸ் வேற லெவல். நவம்பர்ல ஃபைட் நைட் பண்றோம். உங்க வெயிட்லயே, உங்கள மாதிரி ஃபர்ஸ்ட் டைம் ஆள்தான் எதிர்ல." எட்டு வாரப் பயிற்சிக்குத் தனியாக 5,000. போக, ஆளுக்கு இருபது டிக்கெட், ஒன்று 500 ரூபாய் என்று விற்றுத் தர வேண்டும். முப்பத்தெட்டு வயதில் ஒருவர் நம்மை 'வேற லெவல்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று வீட்டில் வயதுக்கு வந்த ஆண்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். தலையாட்டினேன்.

ஃபைட் நைட் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் முந்தைய நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. உள்ளே ரிங், டிஜே, புகை மெஷின். மேடைக்குப் பின்னால், மணமகள் அறையில், எங்களுக்கு மெடிக்கல்.

அந்த மெடிக்கலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள், பதினான்கு பெயர், பக்கத்தில் பிபி என்று ஒரு கட்டம். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்கள். என் பெயருக்கு நேரே 120/80. எனக்கு மேலே இருந்தவருக்கு 120/80. கீழே இருந்தவருக்கும் 120/80. பதினான்கு பேருக்கும் ஒரே நீல மை, ஒரே கை. மாத்திரை போட்டுக்கொண்டே நான் 140-க்குக் கீழே இறங்கிப் பார்த்ததில்லை. "இது என்ன, யாரும் பார்க்கவே இல்லையே?" என்றேன். "ஃபார்மாலிட்டி ஜி" என்றார்கள். எடை போட மெஷினே இல்லை. நாமே சொல்லலாமாம்.

முறையான அமெச்சூர் போட்டிகளில் எடையும் மருத்துவப் பரிசோதனையும் முடியாமல் யாரும் ரிங்கில் ஏற முடியாது, ரிங் பக்கத்தில் டாக்டர் இல்லாமல் மணி அடிக்காது. இங்கே ஆம்புலன்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. கறுப்பு டீ-ஷர்ட்டில் ஒரு வாலண்டியர் மட்டும், கையில் வலி நிவாரண ஸ்ப்ரேயுடன் நின்றான். தலையில் அடிபட்டால் எங்கே அடிப்பதாக இருந்தானோ.

நான் 72 கிலோ. எதிரே வந்த ஆள் நிச்சயம் 80-க்கு மேல். முதல் தடவை என்றார்கள். அவர் தோளை அசைத்து ரிங்கைச் சுற்றிய விதத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல்லூரியில் படிக்கும்போது பல்கலைக்கழக அளவில் ஆடியவர் என்று பிறகு அவரே சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் என்னை 'மூணு வருஷமா ட்ரெய்ன் பண்றவர்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதல் ரவுண்ட் நினைவிருக்கிறது. இரண்டாவது ரவுண்டை வீடியோவில்தான் பார்த்தேன். ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), தொங்கிக்கொண்டிருந்த அந்த வலது கார்டுக்கு மேலாக. நான் கயிற்றில் சாய்கிறேன். ரெஃபரி எட்டு எண்ணுகிறார். எண்ணி முடித்து, தொடர முடியுமா என்று என் கண்ணைப் பார்க்க வேண்டியவர், திரும்பி மூலையில் நிற்கும் ஓனரைப் பார்க்கிறார். ஓனர் கையைச் சுழற்றுகிறார், நடத்து என்று. ரெஃபரி என் கிளவுஸைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு "பாக்ஸ்" என்கிறார். அடுத்த ஏழு நொடியில் போஸ்டரில் இருக்கும் அந்தப் போஸ். இந்தப் பதினைந்து நொடியை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ரெஃபரியின் அந்தத் திரும்பலில்தான் நிறுத்துவேன். நான்காவது வரிசையில் என் ஒன்பது வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

திருவான்மியூர் சிக்னலில் காரிலேயே வாந்தி. ஆஸ்பத்திரியில் சி.டி. எடுத்தார்கள், ரத்தக்கசிவு இல்லை. அப்பாடா என்றேன். "ஸ்கேன் நார்மல்னா மூளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் இல்ல சார்" என்றார் அந்த டாக்டரம்மா. "கன்கஷன், அதாவது மூளை குலுங்கி வர்ற பாதிப்பு, ஸ்கேன்ல தெரியாது. இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தா அதுதான் ஆபத்து." தலைக்கவசம் போட்டிருந்தேனே என்று கேட்டேன். அது வெட்டுக்காயத்துக்கும் வீக்கத்துக்கும்தான். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பாக்சிங்கில் 2016 ரியோவிலிருந்து தலைக்கவசமே கிடையாது. இது எனக்கு அப்போது தெரியாது. "ஹெட்கார்டு இருக்கு ஜி, ஒண்ணும் ஆகாது" என்பது அந்த எட்டு வாரமும் நாங்கள் கேட்ட சுப்ரபாதம்.

அடுத்த மூன்று வாரம் ட்யூப்லைட் வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியது. எக்செலில் ஒரு வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், கண் தானாக அடுத்த வரிசைக்கு நழுவும். மாதக் கடைசிக் கணக்கை முடிக்க முடியாமல் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக என் வேலையை ஜூனியரிடம் கொடுத்தேன். மகளிடம் கேட்டதையே திரும்பக் கேட்டிருக்கிறேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

ஓனரிடமிருந்து மூன்றாவது நாள் மெசேஜ் வந்தது. நலம் விசாரிக்கத்தான் என்று திறந்தேன். "ஜி, கார்டு கீழ விட்டீங்க, அதான். டியூஸ்டே வந்துருங்க, கரெக்ட் பண்ணிடலாம். அப்புறம் உங்க டிக்கெட்ல 9 பேலன்ஸ், 4,500 ஜிபே பண்ணிடுங்க." அமெச்சூர் விதிப்படி தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவர் குறைந்தது முப்பது நாளைக்கு ஸ்பாரிங் பக்கமே போகக் கூடாது. இவர் அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடுகிறார். அதே வாரம் நான் விழுந்தது ரீல்ஸாக வந்தது, "தரமான சம்பவம்" என்று தலைப்போடு. எடுத்துவிடச் சொன்னேன். "ரீச் நல்லா போகுது ஜி" என்று பதில்.

மீதி மாதங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திருப்பித் தரப்படாது என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதே என்றார்கள். சேரும்போது கையெழுத்துப் போட்ட 'சொந்த ரிஸ்க்' படிவத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொன்னேன். அங்கிருந்து கேட்டதற்கும் இதே பதில். ஜனவரியில் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட ஆணையத்துக்கு நானே மனு போட்டேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பதை 2019 சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 'சொந்த ரிஸ்க்' கையெழுத்து பற்றி வக்கீல் நண்பன் சொன்னது: "குத்து வாங்குறதுக்குத்தான்டா நீ ஒத்துக்கிட்ட. பிபி பார்க்காம பார்த்ததா எழுதுறதுக்கு இல்ல." அந்த 120/80 தாளை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். என் மனுவில் உருப்படியான ஆதாரம் என்றால் அதுவும் தராசுப் படமும்தான்.

பாக்சிங்கே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இப்போதும் வாரம் இரண்டு நாள் போகிறேன், வியாசர்பாடிப் பக்கம் ஒரு மொட்டை மாடிக்கு. மாதம் 800 ரூபாய். கழிப்பறை கிடையாது, மழை வந்தால் லீவு, மாஸ்டர் மேல் எப்போதும் பீடி வாசனை. சுவரில் 1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தபோது எடுத்த படம் ஒன்று, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியது. முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "அடி பட்டு எவ்ளோ நாள் ஆச்சு?" யாரோ சொல்லியிருப்பார்கள் போல. "டாக்டராண்ட எய்தி வாங்கினு வா, அப்பால பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எழுதி வாங்கிக்கொண்டு போன பிறகும் ஒரு மாதம் ஸ்கிப்பிங்கும் ஜாபும்தான். என் வலது கையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, தாடைக்கும் கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜாப் விடச் சொன்னார். பந்து விழுந்தால் முதலிலிருந்து. அந்த ஒரு பந்து, 49,560 ரூபாயில் இல்லை.

அங்கே சனிக்கிழமை ஸ்பாரிங் நடக்கும். வேடிக்கை பார்க்க யார் வேண்டுமானாலும் மாடிப்படியில் உட்காரலாம். இரண்டு இளவட்டங்கள் கொஞ்சம் சூடானால் மாஸ்டர் கையைத் தட்டுவார், இருவரும் அந்த நொடியே கையை இறக்கிவிடுவார்கள். புதிதாக வந்தவனுடன் பழைய ஆளைத்தான் விடுவார். பழையவன் தொட்டுத் தொட்டு விளையாடுவான், அடிக்க மாட்டான். பழைய இடத்தில் ஸ்பாரிங் நாளன்று கண்ணாடிக்குத் திரை போட்டுவிடுவார்கள். மெம்பர் அல்லாதவர்கள் பார்க்கக் கூடாது, 'பிரைவசி' என்றார்கள். மிட்ஸ் சத்தத்தில் மயங்கியிருந்த எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. நீங்கள் சேரப்போகும் இடத்தில் இதை முதலில் கேளுங்கள். ஒரு ஸ்பாரிங் முழுதும் உட்கார்ந்து பாருங்கள், யார் யாருடன் ஜோடி, யார் நிறுத்துகிறார்கள், நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா என்று. பார்க்க விடவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். பார்க்க விட்டாலும் மாதாமாதம் கையில் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஓடிபி கேட்டால் வேண்டாம்.

ஆணையத்தில் அடுத்த வாய்தா ஜூனில். என் தவணை இன்னும் இரண்டு மிச்சம்.

அந்த 21 வயதுத் தம்பி போன மாதம் போன் செய்தான். வேலையை விட்டுவிட்டானாம். எங்கள் கார்டெல்லாம் கீழே இருப்பது அவனுக்குத் தெரியும், சொன்னால் 'கஸ்டமர் ஹர்ட் ஆவாங்க' என்று ஓனர் வாயை மூடச் சொன்னாராம். பிபி தாளை எழுதியதும் அவன்தானாம், மண்டபத்துக்கு வரும் வழியில், வேனில் உட்கார்ந்து. ஆணையத்தில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சொல்றேன் சார். ரெண்டு மாச சம்பளம் பாக்கி வெச்சிருக்கார். அது மட்டும் வந்துரட்டும்."